பனியும் பாலரும்

நார்வே தேசத்தாரைப் பற்றி ஒரு வழக்கு உண்டு. அவர்கள் பிறக்கும்போதே காலில் ஸ்கீப் பலகையுடன் பிறக்கிறார்கள் என்பது. பெருமையும் பரிகாசமும் கலந்து அத்தேசத்தாரே தம்மைப் பற்றிச் சொல்லிக்கொள்ளும் வார்த்தை இது. கவச குண்டலங்களோடு பிறந்த கர்ணனை அறிந்த நமக்கு இதில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. நமக்கு அதிசயமாகத் தோன்றுவது வேறு. அந்தப் பலகைகளைக் கட்டிக்கொண்டு ஓடும் குழந்தைகளை அத்தேசத்துப் பெரியவர்கள் நடத்துகிற முறையே அது.

ஸ்கீ என்பது நீண்டு குறுகி, முனை மேல்நோக்கி வளைந்த பலகை. மலைச்சரிவில் கீழ்நோக்கிப் பாய்வது அதில் ஒரு வகை. நாம் இங்கே எடுத்துக்கொண்டது அதுவன்று. காடும் மேடும் பள்ளமும் கடந்து, காலின் பலத்தையும் கைக்கோலின் உந்தலையுமே நம்பிச் செல்லும் நெடுவழி ஓட்டம். மேட்டில் ஏறும்போது பலகை பின்வாங்கக் கூடாது. சமதரையிலும் இறக்கத்திலும் வழுக்கிச் செல்லவும் வேண்டும். இவ்விரண்டு காரியத்தையும் சாதிப்பதற்காக, பழைய முறை ஓட்டத்தில் பலகையின் நடுவே பற்றும் மெழுகும் இரு முனைகளிலும் வழுக்கும் மெழுகும் தடவுகிறார்கள். பனியோ வேளைக்கு வேளை குணம் மாறுவது. ஆகவே பந்தயத்திற்கு முந்தின இரவில், தகப்பனாரும் மகளும் வெப்பமானியைப் பார்த்துக்கொண்டு எந்த மெழுகு என்று மந்திராலோசனை நடத்துவது அங்கே வீட்டுக்கு வீடு நடக்கும் காட்சி.

பந்தயம் நடக்கும் விதமும் ரசமானது. எல்லாரையும் ஒரே வரிசையில் நிறுத்தி விரட்டுவதும் உண்டு. ஆனால் வழக்கமான முறை, 30 விநாடிக்கு ஒருவராக அனுப்புவதுதான். மார்பில் எண் கட்டிய சிறுவன் காட்டுக்குள் மறைந்த பின், எதிரி யார், எவ்வளவு தூரத்தில் என்பது அவனுக்கு நிச்சயமாய்த் தெரியாது. மூச்சும் மேடும் கடிகாரமுமே அவனுடைய போட்டியாளர்கள். பின்னால் வருபவர் வேகமாக நெருங்கினால் வழிவிட்டு ஒதுங்குவது மரியாதை. வழி நெடுகிலும் ‘ஹையா! ஹையா!’ என்று உற்சாகக் குரல். தன் பிள்ளைக்கு மட்டும் அன்று, வருகிற பிள்ளைக்கெல்லாம் அந்தக் குரல் உண்டு. கடைசியில் தள்ளாடி வருகிற குழந்தைக்கு அது சற்று உரக்கவே கிடைக்கிறது.

இத்தனைக்கும் ஆள் எங்கிருந்து வருகிறார்கள்? கூலிக்கு வருபவர்கள் அல்லர். நார்வே மொழியில் ‘டூக்னாட்’ என்றொரு சொல் உண்டு. ஊர்க்காரியத்தை ஊரார் எல்லாரும் கூடி, ஊதியமின்றிச் செய்து முடிப்பது என்று அதற்குப் பொருள். 2004-ஆம் ஆண்டில் அச்சொல்லைத் தேசத்தின் சொல்லாகவே தேர்ந்தெடுத்தார்கள். ஒரு குழந்தையின் தாய் கடிகாரம் பார்க்கிறாள். இன்னொரு குழந்தையின் தந்தை தடத்தைச் செப்பனிடுகிறார். பாட்டனார் வளைவில் நின்று வழிகாட்டுகிறார். சிலர் சூடான பழரசமும் அப்பமும் விற்றுச் சங்கத்துக்குப் பணம் சேர்க்கிறார்கள். குளிர்காலத்தில் பகல் சுருங்கிவிடுவதால், காட்டுத்தடங்களில் விளக்குக் கம்பங்கள் நட்டு, பள்ளிக்கூடம் விட்ட பின்பும் பிள்ளைகள் ஓட வசதி செய்திருக்கிறார்கள்.

வகுப்பறையில் வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த நமது கவனத்தை எல்லாவற்றிலும் அதிகமாகக் கவர்ந்தவை, நார்வேயின் விளையாட்டுச் சம்மேளனம் 1987-இல் வகுத்த குழந்தை விளையாட்டு விதிகள். 2007-இல் அவற்றோடு குழந்தைகளின் உரிமைகளும் சேர்க்கப்பட்டன. அவற்றின்படி, 11 வயதாகும் ஆண்டுக்கு முன் குழந்தைகளைத் தரவரிசைப்படுத்திப் பட்டியல் வெளியிடலாகாது. 12 வயது வரையில், பரிசு கொடுப்பதானால் எல்லாருக்கும் கொடுக்க வேண்டும். 13 வயதாகும் ஆண்டு வரையில் தேசிய சாம்பியன் போட்டிகளுக்கு அனுப்பக் கூடாது. எவ்வளவு பயிற்சி வேண்டும் என்பதில் குழந்தைக்கும் வாக்கு உண்டு.

“இப்படிச் செல்லம் கொடுத்தால் வீரர்கள் உண்டாவார்களா?” என்று கேட்கும் அன்பர்கள் இருக்கலாம். சுமார் 55 லட்சம் ஜனங்களே உள்ள அத்தேசம், 2022-ஆம் ஆண்டு பீகிங் குளிர்கால ஒலிம்பிக்கில் 16 தங்கப் பதக்கங்கள் பெற்றது. வேறெந்த தேசமும் அங்கே அவ்வளவு பெறவில்லை. இந்த வெற்றிக்கு விதிகள் மட்டுமே காரணம் என்று வாதிப்பது நியாயமாகாது. பனி அங்கே இயற்கை தந்த செல்வம். நாட்டில் பொருட்செல்வமும் உண்டு. ஆனால் வரிசைப்படுத்தாத காரணத்தால் திறமை கெட்டுப்போகவில்லை என்பது மட்டும் நிச்சயம். 2018-இல், 21 வயதில், மூன்று ஒலிம்பிக் தங்கங்கள் வென்ற யோஹான்னஸ் கிளேபோவுக்குப் பயிற்சி அளித்தவர் அவருடைய சொந்தப் பாட்டனாரே. பத்து வயதில் பின்தங்குகிறவன் இருபதிலும் பின்தங்குவான் என்று யார் விதித்தது? தேகம் வளரும் காலம் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று. முதல் பட்டியலிலேயே தள்ளப்பட்டவன், தன் காலம் வரும்போது களத்தில் இருக்கமாட்டான்.

குறையே இல்லை என்று சொல்ல வரவில்லை. பலகைகளும் மெழுகுகளும் விலை ஏறியவை. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை இரண்டு மூன்று ஜோடிகளோடு வர, மற்றவன் அண்ணன் விட்ட ஜோடியோடு வருகிறான். ஃப்ளூரின் கலந்த மெழுகு வேகம் தந்தது. கூடவே உடலுக்கும் மண்ணுக்கும் கேடும் தந்தது. நார்வேக்காரர்கள் அதை 16 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 2018-இலேயே விலக்கினார்கள். சர்வதேசப் போட்டிகளில் பெரியவர்களுக்கு அது விலக்கப்பட்டது 2023-ஆம் ஆண்டுப் பருவத்தில்தான். நல்ல காரியம் குழந்தைகளிடமிருந்து தொடங்கிற்று. இவற்றினும் பெரிய கவலை வானத்தைப் பற்றியது. உலகம் வெப்பமடைய, தாழ்ந்த பகுதிகளில் பனிக்காலம் சுருங்குகிறது. பல இடங்களில் இயந்திரத்தால் பனி செய்து தடம் போடுகிறார்கள். பாட்டனார் ஓடிய வழியில் பேரன் ஓடுவானா என்பது அங்கே வெறும் பேச்சன்று.

1206-ஆம் ஆண்டில் உள்நாட்டுப் போரிடையே, ஹோக்கோன் என்ற அரசிளங்குழந்தையை வீரர்கள் ஸ்கீயில் மலை கடத்திக் காப்பாற்றினார்கள். அக்குழந்தை பின்னர் அரசனாயிற்று. அதன் நினைவாக 1932 முதல் ரேனாவிலிருந்து லில்லஹாமருக்கு ஒரு பெரும் பந்தயம் நடந்துவருகிறது. 54 கிலோமீட்டர் தூரத்தையும் ஒவ்வொருவரும் முதுகில் 3½ கிலோ மூட்டையோடு கடக்க வேண்டும். அந்தக் குழந்தையின் பாரம் என்பது அதன் கருத்து. சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் அங்கே தனி ஓட்டங்கள் உண்டு.

இன்று ஓடுகிற சிறுவர்களில் மிகச் சிலரே பதக்கம் பெறுவார்கள். மற்றவர்கள் மருத்துவராகவும் மீனவராகவும் ஆசிரியராகவும் ஆவார்கள். ஆனாலும் எழுபது வயதிலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் பலகையைக் கட்டிக்கொண்டு காட்டுக்குள் போவார்கள். வளைவில் நின்று அயலார் பிள்ளைக்கு ‘ஹையா’ சொல்வார்கள். அந்தச் சங்கங்களின் உழைப்பெல்லாம் பெரும்பாலும் இவர்களுக்காகத்தான் என்று நமக்குத் தோன்றுகிறது.