வரன்முறைக்கு எதிர்ச்சொல்

செகந்திராபாத் ஸ்டேஷனிலிருந்து தார்நாகா போகும் வழியில் இருக்கிறது மெட்டுகுடா. ரயில்வே குவார்ட்டர்ஸ், ரயில்வே ஆஸ்பத்திரி, பக்கத்திலேயே லாலாகுடா ஒர்க் ஷாப். 2017 நவம்பரில் தலைக்கு மேலே மெட்ரோ ஓடத் தொடங்கியும் பேச்சில் பழைய ரயில்வேதான் இன்னமும் ஓடுகிறது. தமிழரோ தெலுங்கரோ, அந்தக் குடியிருப்புகளில் ஒருவருடைய ஜாதகத்தை இரண்டு சொற்களில் அடக்கிவிடுவார்கள். "எழுபத்தெட்டுல கேஷுவலா சேர்ந்தாரு, எண்பத்தாறுல ரெகுலர் ஆனாரு." இடைப்பட்ட எட்டு வருடங்களில் என்ன பாடுபட்டார் என்று யாரும் விளக்குவதில்லை. கேட்பவருக்கும் தெரியும்.

அந்த 'ரெகுலர்' சும்மா வந்துவிடவில்லை. திட்டப் பணிகளில் 360 நாள் தொடர்ந்து உழைத்த கேஷுவல் தொழிலாளர்களைப் படிப்படியாக ஈர்த்துக்கொள்ளும் திட்டத்தை, 1985இல் இந்தர்பால் யாதவ் வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் திருத்தங்களோடு ஏற்றது. ஒன்று கவனிக்க வேண்டும். 'கேஷுவல்' என்ற சொல்லில் வசை இல்லை. ஆளை அது குற்றம் சொல்வதில்லை.

தமிழில் எழுத உட்காரும்போதுதான் சங்கடம். 'ரெகுலர்' ஆக்குவதற்கு அரசாங்கத் தமிழில் அருமையான சொல் இருக்கிறது: பணி வரன்முறை. வரல், முறை இரண்டும் புணர்ந்து வரன்முறை. அதாவது வந்த முறை, வழிவழியாக வந்த ஒழுங்கு. வேடிக்கை என்னவென்றால், வந்த முறை சரியில்லை என்று சொல்லப்படுபவருக்குத்தான் இந்த ஆணையே தேவைப்படுகிறது. இல்லாத பூர்வீகத்தை எழுதித் தருகிறது அந்தச் சொல்.

இதன் எதிர்ச்சொல் என்ன? முறைகேடு, ஒழுங்கீனம், விதிமீறல், சட்டவிரோதம், பின்வாசல் நியமனம் என்று கைக்கு வந்ததை எடுத்துப் போடுகின்றன பத்திரிகைகள். நீதிமன்றம் அப்படிச் செய்வதில்லை. 2006 ஏப்ரலில் கர்நாடக அரசுக்கும் உமாதேவிக்கும் இடையிலான வழக்கில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இரண்டு எதிர்ச்சொற்களைப் பிரித்து வைத்தது. ஒன்று 'இல்லீகல்', அதை எந்த ஆணையாலும் நேராக்க முடியாது. மற்றது 'இர்ரெகுலர்', அனுமதிக்கப்பட்ட காலியிடம், தகுதியுள்ள ஆள், ஆனால் எடுத்த முறையில் குறை. அப்படிப்பட்டவர்கள் நீதிமன்ற உத்தரவின் தயவில்லாமல் பத்து ஆண்டுகள் வேலை செய்திருந்தால், ஒரு முறை மட்டும் வரன்முறைப்படுத்தப் பரிசீலிக்கலாம் என்றது தீர்ப்பு. வேலையும் பென்ஷனும் இந்த இரண்டு சொற்களின் இடுக்கில் தொங்குகின்றன.

இந்த 'இர்ரெகுலர்' தமிழ்ச் செய்தியில் 'முறைகேடான நியமனம்' ஆகிவிடுகிறது. அகராதிப்படி தப்பில்லை. ஆனால் டெண்டர் முறைகேடு, ரேஷன் முறைகேடு என்று படித்துப் பழகிய கண்ணுக்கு, முறைகேடு என்றால் பணம் கைமாறியிருக்கிறது. விளம்பரம் செய்யாமல் ஆளெடுத்தது அலுவலகம். அவப்பெயர் பெருக்க வந்த பெண்ணுக்கு. 'முறைப்படி அமையாத நியமனம்' என்று எழுதினால் ஒரு சொல் கூடும். கூடட்டுமே.

அண்டை மொழிகளிலும் இந்தக் கண்ணி உண்டு. தெலுங்கில் வரன்முறைக்குக் 'கிரமபத்தீகரண', அனுமதியில்லாத கட்டடம் 'அக்ரம' கட்டடம். கர்நாடகத்தில் கட்டட வரன்முறைத் திட்டத்தின் பெயரே 'அக்ரம-சக்ரம'. கிரமம் இல்லாதது அக்ரமம், அவ்வளவுதான். தமிழன் காதில் மட்டும் அது அக்கிரமமாக விழும்.

இதைவிட விசித்திரம் ஹைதராபாத்தின் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. ஒருங்கிணைந்த ஆந்திரம் 1994இல் கொண்டுவந்த அரசுப் பணி நியமனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம், தினக்கூலி நியமனங்களைத் தடை செய்ததோடு, ஏற்கெனவே இருந்தவர்களை வரன்முறைப்படுத்துவதற்கும் கதவைச் சாத்தியது. பின்னர் 1993 நவம்பர் 25 அன்று ஐந்து ஆண்டு முடித்தவர்களுக்கு மட்டும் ஒரு சந்து திறந்தது. 'ரெகுலேஷன்', 'ரெகுலரைசேஷன்' இரண்டும் ஒரே வேரில் முளைத்தவை. இங்கே முதலாவதுதான் இரண்டாவதன் எதிர்ச்சொல். எந்த அகராதியும் இதைச் சொல்லித் தராது.

உமாதேவி தீர்ப்புக்குப் பிறகு பல அலுவலகங்கள் அதன் முதல் பாதியை மட்டும் மனப்பாடம் செய்துகொண்டன. 2024 டிசம்பரில் ஜக்கோ வழக்கில் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. மத்திய நீர் ஆணையத்தில் துப்புரவும் தோட்ட வேலையும் பார்த்தவர்கள் அவர்கள்; 1993 முதல் இருந்தவர்களும் உண்டு. 2018 அக்டோபரில் திடீரென்று நிறுத்தப்பட்டவர்களைத் திரும்ப எடுத்து வரன்முறைப்படுத்தச் சொன்னது நீதிமன்றம். வேலை இல்லாதிருந்த ஆறு ஆண்டுக்குச் சம்பளம் கிடையாது. ஓய்வுக்காலப் பலன்களுக்கான கணக்கில் மட்டும் அந்த ஆறு ஆண்டும் பணியாகவே சேரும்.