கீமோவும் சீன மூலிகையும்: டொக்டரிட்ட மறைக்கலாமா?

"டொக்டரிட்ட இதை மட்டும் சொல்லிப்போடாதை பிள்ளை."

கீமோ முடிந்து காரில் ஏறியதும் சித்தி கைப்பையைத் திறந்து காட்டினா. உள்ளே பழுப்புநிறப் பொடி அடைத்த ஒரு பைக்கற். மேலே முழுக்கச் சீன எழுத்து. ஸ்காபரோவில் எங்கட மரக்கறிக் கடை இருக்கும் அதே பிளாசாவில் ஒரு சீன மருந்துக் கடையும் இருக்கிறது. பக்கத்து வீட்டுச் சீன அம்மா அன்போடு கூட்டிக்கொண்டு போயிருக்கிறா. அதற்கு முதல்நாள்தான் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்ததாம்: கீமோவுக்கு அடங்காத புற்றுநோய்க் கலங்களைச் சீன மூலிகை அடக்குகிறது என்று.

வைத்தியசாலையில் சித்திக்கு மொழிபெயர்ப்பது நான்தான். நானும் வாயை மூடிக்கொண்டால் டொக்டருக்கு இது தெரியவே வராது. அந்தச் செய்தியில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று தேடிப் பார்த்தேன். முழுப் பொய்யாக இருந்திருந்தால் பேசி முடிப்பது சுலபம். அதில் பாதி உண்மை இருந்தது.

புற்றுநோய்க் கலம் மருந்திடமிருந்து தப்பப் பல வழிகள் வைத்திருக்கிறது. அதில் முக்கியமான ஒன்று தெரியவந்தது எங்கட ரொறன்ரோவில்தான். 1976இல் ருடால்ஃப் ஜூலியானோ, விக்டர் லிங் என்ற ஆய்வாளர்கள், மருந்துக்கு மசியாத கலங்களின் மேற்புறத்தில் ஒரு புரதத்தைக் கண்டார்கள். அதன் பெயர் பி-கிளைக்கோபுரோட்டீன். தோட்டத்துக்குத் தண்ணி இறைக்கிற பம்ப் மாதிரி, உள்ளே வந்த மருந்தை அது வெளியே இறைத்துவிடும். டொக்சோரூபிசின், பக்லிடாக்செல் போன்ற பல கீமோ மருந்துகளை அது இப்படி வெளியேற்றுகிறது.

சீன வைத்தியத்தில் 'ஹான் ஃபாங் ஜி' என்றொரு வேர் உண்டு. அதிலுள்ள டெட்ராண்ட்ரின் என்ற பொருள், ஆய்வுகூடத்தில் வளர்த்த கலங்களில் இந்தப் பம்பை அடைக்கிறது. கீமோ மறுபடி வேலை செய்கிறது. செய்தியின் உண்மையான பாதி இவ்வளவுதான்.

ஆனால் ஆய்வுகூடத் தட்டில் இருப்பது கலம் மட்டும். சித்திக்குக் குடல், ஈரல், சிறுநீரகம், மூளை எல்லாம் இருக்கிறது. அங்கேயும் இதே பம்ப் நஞ்சை வெளியேற்றிக்கொண்டிருக்கிறது. அதை அடைத்தால் கீமோ மருந்து உடம்பில் அளவுக்கு மிஞ்சித் தங்கலாம். பம்பை அடைப்பதற்கென்றே உருவாக்கிய வால்ஸ்பொடார் என்ற மருந்தைப் பரீட்சித்தபோது, கீமோவின் அளவைக் குறைக்க வேண்டி வந்தது. பலன் எதிர்பார்த்தபடி வரவில்லை. இந்த வேலைக்கென்று இன்றுவரை ஒரு மருந்தும் அங்கீகாரம் பெறவில்லை.

எதிர்ப்பக்கமாகவும் நடக்கும். மனச்சோர்வுக்கு இங்கே பலர் வாங்கும் செயின்ட் ஜோன்ஸ் வோர்ட் என்ற மூலிகையை, இரினோடெக்கான் என்ற கீமோவோடு சேர்த்து எடுத்தவர்களின் இரத்தத்தில், மருந்தின் வேலை செய்யும் பகுதி 42 சதவீதம் குறைந்ததாக 2002இல் வெளியான ஆய்வு சொன்னது. சின்ன ஆய்வுதான். ஆனாலும் கீமோவின் பாடுகளைப் பட்டுக்கொண்டே அதன் பலனை இழப்பதென்றால் எவ்வளவு கொடுமை.

பைக்கற்றுக்குள் என்ன இருக்கிறது என்பது அடுத்த கேள்வி. 1990களின் தொடக்கத்தில் பிரசல்ஸில் உடல் மெலிவதற்கு மாத்திரை எடுத்த பெண்களுக்குக் கொடுத்திருக்க வேண்டியது மேலே சொன்ன அதே ஹான் ஃபாங் ஜி. மாறி வந்ததோ 'குவாங் ஃபாங் ஜி' என்ற வேறு செடி. பெயரில் ஒரு சொல்தான் வித்தியாசம். அதிலிருந்த அரிஸ்டோலோக்கிக் அமிலம் நூறு பெண்கள் அளவில் சிறுநீரகத்தைக் கெடுத்தது. சிறுநீரகம் செயலிழந்து அதை அகற்றிய 39 பேரில் 18 பேருக்குச் சிறுநீர்ப்பாதையில் புற்றுநோய் இருந்ததாக 2000இல் அறிக்கை வந்தது.

இதை வைத்துச் சீன வைத்தியம் எல்லாம் பித்தலாட்டம் என்று நான் சொல்ல வரவில்லை. 1970களில் சீனாவின் ஹார்பின் நகரில் ஜாங் டிங்டோங் என்ற டொக்டர், ஒரு நாட்டு மருந்தைப் பிரித்துப் பார்த்து, அதில் வேலை செய்வது ஆர்சனிக் என்று கண்டார். எங்கட சித்த வைத்தியர்கள் வெள்ளைப் பாஷாணம் என்று சொல்வது அதைத்தான். ஒருவகை இரத்தப் புற்றுநோயில், முந்திய சிகிச்சைக்குப் பிறகும் நோய் திரும்பியவர்களை அது குணப்படுத்தியது. 2000இல் அமெரிக்கா அதை அங்கீகரித்தது. 2013இல் வந்த ஆய்வின்படி, அந்த நோயில் ஆபத்துக் குறைந்தவர்கள் பலருக்கு, வைட்டமின் ஏ வகை மருந்தோடு அதைச் சேர்த்தால் கீமோவே தேவையில்லை. ஆனால் அது ஊசியாக, அளந்து, இதயத் துடிப்பைக் கண்காணித்துக்கொண்டு ஏற்றப்படுகிற மருந்து. நாட்டு மருந்து அந்த இடத்துக்கு வரச் சுமார் முப்பது வருடம் பிடித்தது. கடைப் பைக்கற் அந்தப் பாதையில் ஒரு அடிகூட நடக்கவில்லை.

சித்தியிடம் கேட்டு, அவ சம்மதித்த பிறகுதான் டொக்டரிடம் சொன்னேன். அவர் ஏசவில்லை. பைக்கற்றை வாங்கி வைத்தியசாலை மருந்தாளரிடம் அனுப்பினார். உள்ளே இருப்பவை எல்லாவற்றையும் அவர்களாலும் உறுதிப்படுத்த முடியவில்லை. கீமோ முடியும்வரை நிறுத்தி வையுங்கள் என்றார்கள்.

எங்கட பெற்றோருக்காக மொழிபெயர்க்கிற பிள்ளைகளிடம் ஒன்று கேட்கிறேன். மஞ்சள், கசாயம், சீனப் பொடி, எதுவென்றாலும் கண்டவுடன் அவர்களோடு சண்டை பிடிக்காதீர்கள். சண்டை பிடித்தால் அடுத்த பைக்கற் உங்களுக்கும் ஒளிக்கப்படும். அதைக் கையில் எடுத்துக்கொண்டு அவர்களோடேயே டொக்டரிடம் போங்கள்.

திரும்பி வரும்போது சித்தி, "ஏசுவார் எண்டெல்லோ நினைச்சன்" என்றா. பிறகு, "அந்தச் சீன அம்மாவுக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று கேட்டா. அதற்கு மட்டும் என்னிடம் பதில் இல்லை.