ஹைராக்ஸ் ரிசல்ட்: நேரம் எங்கே போச்சு? ஸ்பிளிட்டைப் படிச்சாத்தான் தெரியும்

போட்டி முடிந்த அன்று ராத்திரியே ஜிம் வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் வந்து விழும். "1:38 மச்சி. ஸ்லெட்தான் கொன்னுடுச்சு. அடுத்த மூணு மாசம் ஸ்லெட் மட்டும்தான்." கீழே பத்து ஃபயர் எமோஜி. யாரும் அந்த ஸ்கிரீன்ஷாட்டை முழுசாகப் படித்திருக்க மாட்டார்கள். படித்திருந்தால், அந்த மூன்று மாதத் திட்டம் அங்கேயே மாறியிருக்கும்.

ஹைராக்ஸ் 2017-ல் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் தொடங்கிய உள்ளரங்க ஃபிட்னஸ் பந்தயம். இந்தியாவுக்கு 2025 மே மாதம் மும்பை வழியாக வந்தது, அடுத்து ஜூலையில் டெல்லி. ஐடி வேலை, ஜிம், ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் என்று ஓடிக்கொண்டிருந்த ஒரு தலைமுறைக்கு இது சரியாகப் பிடித்துப்போனதில் ஆச்சரியமில்லை. விமான டிக்கெட், ஹோட்டல், நுழைவுக் கட்டணம் என்று செலவழித்துப் போய்விட்டு வருபவர்களுக்குக் கையில் மிஞ்சுவது ஒரு மெடலும் அந்த ரிசல்ட் பக்கமும்தான். மெடல் சுவரில் தொங்கும். அடுத்த பயிற்சிக்கு உதவப்போவது அந்தப் பக்கம்.

பந்தயத்தின் அமைப்பு

ஒரு கிலோமீட்டர் ஓட வேண்டும், பிறகு ஒரு உடற்பயிற்சி நிலையம். இப்படி எட்டு முறை. ஸ்கி எர்க் 1,000 மீட்டர், ஸ்லெட் புஷ் 50 மீட்டர், ஸ்லெட் புல் 50 மீட்டர், பர்ப்பி பிராட் ஜம்ப் 80 மீட்டர், ரோயிங் 1,000 மீட்டர், ஃபார்மர்ஸ் கேரி 200 மீட்டர், மணல் மூட்டையோடு லஞ்சஸ் 100 மீட்டர், கடைசியில் வால் பால். உலகத்தில் எங்கே நடந்தாலும் இதே வரிசைதான். அதனால்தான் ரிசல்ட்டை அலசுவதற்கு அர்த்தம் இருக்கிறது.

ரிசல்ட் பக்கத்தில் எட்டு ஓட்டங்களின் நேரமும் எட்டு நிலையங்களின் நேரமும் தனித்தனியாக இருக்கும். கூடவே 'ராக்ஸ்சோன்' என்று ஒரு வரி. ஓடுபாதைக்கும் நிலையத்துக்கும் இடையே நடந்து, தண்ணீர் குடித்து, மூச்சு வாங்கிய நேரம் எல்லாம் அதில் சேரும். பெரும்பாலானோர் கண்டுகொள்ளாமல் தாண்டிப்போகும் வரி இதுதான்.

ஒரு உதாரண ரிசல்ட்

கணக்குக்காக நாமே ஒரு ரிசல்ட்டை உருவாக்கிக்கொள்வோம். ஆண்கள் ஓபன் பிரிவு, மொத்தம் 1:38:00. எட்டு ஓட்டங்கள் முறையே 4:50, 5:30, 6:10, 6:25, 6:30, 6:20, 6:25, 7:10. கூட்டினால் 49:20. நிலையங்கள் எல்லாம் சேர்த்து 41:30. அதில் ஸ்லெட் புஷ் 3:40, ஸ்லெட் புல் 6:00, வால் பால் 7:40. ராக்ஸ்சோன் 7:10.

"ஸ்லெட்தான் கொன்னுடுச்சு" என்று சொன்ன நண்பருக்கு வருவோம். இரண்டு ஸ்லெட்டும் சேர்த்து 9:40. மூன்று மாதம் உழைத்து இரண்டையும் 20 சதவீதம் வேகமாக்குகிறார் என்று வையுங்கள். அது சாதாரண விஷயமில்லை. ஆனால் அங்கே கிடைப்பது 1 நிமிடம் 56 விநாடி.

இப்போது ஓட்டத்தைப் பாருங்கள். முதல் கிலோமீட்டர் 4:50, கடைசி 7:10. இரண்டுக்கும் நடுவில் 2 நிமிடம் 20 விநாடி இடைவெளி. இதே ஆள் முதல் கிலோமீட்டரில் அடக்கி வாசித்து, எட்டையும் சராசரியாக 5:45-ல் ஓடியிருந்தால் மொத்தம் 46:00. மிச்சம் 3:20. ராக்ஸ்சோனில் வேடிக்கை பார்க்காமல் 5:30-ல் முடித்திருந்தால் இன்னொரு 1:40. ஆக ஐந்து நிமிடம், ஒரு கிலோ கூடுதலாகத் தூக்காமலே!

ஓட்டத்துக்கு இவ்வளவு எடை தருவது ஓட்டக்காரர்களின் பாரபட்சம் இல்லை. 2025-ல் 'ஃபிரான்டியர்ஸ் இன் பிசியாலஜி' இதழில் வந்த ஆய்வில், பொழுதுபோக்காகப் பங்கேற்கும் 11 பேரை அளந்தார்கள். ஓட்டத்துக்குச் சுமார் 51 நிமிடம் போனது, நிலையங்களுக்குச் சுமார் 33. ரொம்பக் கஷ்டமாக இருந்தது எது என்று கேட்டால் பதில் வால் பால். 11 பேர் என்பது சின்ன எண்ணிக்கை, கல்வெட்டாக எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் நம்ம வாட்ஸ்அப் குரூப்பின் சிக்கல் அதில் அப்படியே தெரிகிறது. வலித்த இடம் ஒன்று, நேரம் போன இடம் வேறு.

பக்கத்தில் இன்னொரு எண் வேண்டும்

ஆனால் இங்கேயே "அப்போ நிறைய ஓடணும்" என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பாகப் போகலாம். பந்தயத்தில் எடுத்த நேரம் தனியாக எதையும் சொல்லாது. அதே வேலையைக் களைப்பில்லாமல் செய்தால் உங்களுக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்பதைப் பக்கத்தில் வைக்க வேண்டும்.

நம் உதாரண ஆளின் ஓட்டச் சராசரி கிலோமீட்டருக்கு 6:10. இதே 6:10 எடுத்த இரண்டு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவரால் ஃப்ரெஷ்ஷாக 5 கிலோமீட்டரை 24:30-ல் ஓட முடியும், அதாவது கிலோமீட்டருக்கு 4:54. இன்னொருவருக்கு அது 29:30, கிலோமீட்டருக்கு 5:54.

முதலாமவர் பந்தயத்தில் 76 விநாடி இழக்கிறார். இரண்டாமவர் வெறும் 16. ரிசல்ட் பக்கத்தில் இரண்டு பேரும் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி தெரிவார்கள், ஆனால் தேவைப்படும் பயிற்சி நேரெதிர். இரண்டாமவர் களைப்பை அற்புதமாகச் சமாளிக்கிறார், அவருக்கு இன்ஜின்தான் சின்னது. வாரத்துக்கு மூன்று நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய நிதான ஓட்டம், ஒரு நாள் இன்டர்வல், நிலையங்களுக்கு ஒரே ஒரு செஷன் போதும். முதலாமவரிடம் இன்ஜின் இருக்கிறது, பயன்படுத்தத் தெரியவில்லை. 4:50-ல் ஓடிய அவருடைய முதல் கிலோமீட்டரைத் திரும்பப் பாருங்கள். முழு மூச்சில் ஓடும் 5 கிலோமீட்டர் வேகத்தைவிட அது அதிகம், இன்னும் ஏழு கிலோமீட்டரும் எட்டு நிலையங்களும் பாக்கி இருக்கும்போது! இவர் 5:30-ல் தொடங்கப் பழக வேண்டும். லஞ்சஸ் முடித்த கையோடு 800 மீட்டர், பர்ப்பி முடித்த கையோடு 800 மீட்டர் என்று கால் கனத்திருக்கும்போதே ஒரே வேகத்தில் ஓடப் பழக வேண்டும்.

நிலையங்களுக்கும் இதே கணக்குதான். வால் பால் 100-ஐ ஜிம்மில் ஃப்ரெஷ்ஷாக 5 நிமிடத்தில் முடிப்பவர் பந்தயத்தில் 7:40 எடுத்தால், பிரச்சினை வால் பாலுக்கு முன்னாலேயே தொடங்கிவிட்டது. ஜிம்மிலேயே 7 நிமிடம் ஆகிறது என்றால் வால் பாலைத்தான் பழக வேண்டும். ஸ்குவாட் ஆழம் போதாமல் நடுவர் 'நோ ரெப்' சொன்னது எத்தனை என்பதையும் நினைவுபடுத்திப் பாருங்கள், அது ரிசல்ட்டில் வராது.

ஸ்லெட் பாவம், முழு நிரபராதியும் இல்லை

ஒரு நிலையத்தின் உண்மையான விலை அதற்கடுத்த ஓட்டத்தில் எழுதியிருக்கும். நம் உதாரணத்தில் ஸ்லெட் புஷ் 3:40-தான், ஆனால் அதற்குப் பிறகு ஓட்டம் 5:30-லிருந்து 6:10 ஆகிவிட்டது. லஞ்சஸுக்குப் பிறகு 7:10. ரோயிங்கை நிதானமாகச் செய்ததால் ஆறாவது ஓட்டம் மட்டும் பத்து விநாடி தேறியிருக்கிறது.

ஹைராக்ஸில் உடல் எடைப் பிரிவு கிடையாது என்பதையும் மறக்கக் கூடாது. ஓபன் பிரிவில் ஆண்களுக்கு ஸ்லெட் புஷ் 152 கிலோ, பெண்களுக்கு 102 கிலோ. 51 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு அது தன் எடையைப் போல இரண்டு மடங்கு. அவர் "ஸ்லெட்தான் கொன்னுச்சு" என்றால் நான் வாதாட மாட்டேன். ஃப்ரெஷ்ஷாகத் தள்ளினாலும் கிட்டத்தட்ட பந்தய நேரமே ஆகிறதென்றால் அவருக்குக் கால் வலிமைதான் முதல் வேலை.

இன்னொரு எச்சரிக்கை. மும்பை ஸ்லெட் நேரத்தை டெல்லி நேரத்தோடு அப்படியே ஒப்பிடாதீர்கள். கார்ப்பெட்டின் உராய்வு அரங்குக்கு அரங்கு மாறும், அதே 152 கிலோ ஓரிடத்தில் வழுக்கிக்கொண்டு போகும், இன்னொரு இடத்தில் நகரவே நகராது. அதே நாளில், அதே பிரிவில் உங்களை ஒட்டி முடித்தவர்களோடு ஒப்பிடுவது நியாயம்.

வாட்சில் வரும் ஹார்ட் ரேட் கிராஃபையும் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருக்கும் நேரத்தில் மணிக்கட்டு சென்சார் தடுமாறும். நெஞ்சுப் பட்டை இருந்தால் நம்பலாம். பயிற்சியில் பார்க்கும் எண்ணும் அப்படியே பொருந்தாது. மே மாத மெரினாவில் காலை ஆறரைக்கு ஓடும்போது வரும் துடிப்பு, ஏசி அரங்கில் அதே வேகத்துக்கு வராது.

எப்போது தொடங்கலாம்?

முதல் வாரம் எதையும் டெஸ்ட் செய்யாதீர்கள். தூங்குங்கள், நடங்கள். தசை வலி வழக்கத்துக்கு மீறி இருந்து சிறுநீர் அடர் பழுப்பாகப் போனால், அது தசை சிதைந்து சிறுநீரகத்தைப் பாதிக்கும் நிலையாக இருக்கலாம். ஸ்பிளிட்டை மூடிவைத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு நாள் 5 கிலோமீட்டர். இரண்டு நாள் கழித்து, பந்தயத்தில் உங்களை அதிகம் படுத்திய இரண்டு நிலையங்கள் மட்டும், நடுவில் நன்றாக ஓய்வெடுத்து. எட்டையும் செய்து பார்க்கத் தேவையில்லை. அந்த மூன்று எண்களையும் பந்தய எண்களுக்குப் பக்கத்தில் போனில் நோட்ஸில் எழுதிவைத்துக்கொண்டு, பிறகு கோச்சிடம் பேசுங்கள். ஆறு வாரம் கழித்து அதே மூன்று டெஸ்ட், அதே ஜிம், அதே ஸ்லெட்.