ஓர் ஊசி போதுமா?

நாய்க்குட்டி வேண்டுமென்று பிள்ளைகள் அடம்பிடிக்காத வீடுகள் மிகச் சிலவே. பாடசாலை விடுமுறையொன்றில் எமது வீட்டிற்கும் அவ்வாறு ஒரு குட்டி வந்து சேர்ந்தது. அதன் வயது ஏழு வாரம். மிருக வைத்தியரிடம் கொண்டு சென்று தடுப்பூசி போடுவித்தோம். மூன்று வாரங்கழித்து மீண்டும் வரும்படி அவர் அட்டையொன்றிலே திகதி குறித்துக் கொடுத்தார். ஊசிதான் போட்டாயிற்றே, இனி என்ன பயம் என்றெண்ணி, அவ்வட்டையை அலுமாரியில் வைத்து மறந்து விட்டோம்.

ஐந்து வாரங்கள் சென்றன. ஒருநாட் காலை குட்டி உணவை மறுத்தது. பின்னர் வாந்தியும் இரத்தங் கலந்த கழிச்சலுங் கண்டன. வைத்தியர் எவ்வளவோ முயன்றும் மூன்றாம் நாள் அது இறந்தது. "ஊசி போட்டோமே, பிறகேன் செத்தது?" என்று எங்கள் இளைய மகன் கேட்டான். அன்று எம்மாற் சொல்ல இயலாத விடையை இன்று இங்கே எழுதுகின்றோம்.

குட்டியின் உயிரைக் குடித்தது பார்வோ என்னும் வைரசு. 1978 ஆம் ஆண்டிலே இனங்காணப்பட்டு, விரைவிலே உலகெங்கும் பரவிய நோய் இது. குடலின் உட்சுவரைச் சிதைத்து, உடலின் நீரை வற்றச் செய்துவிடும். நோயுற்ற நாயின் மலத்தோடு வெளிப்படும் கிருமி மண்ணிலே பல மாதங்கள் வலுக் குன்றாது கிடக்கும். ஆதலால் வாசற்படி தாண்டாத குட்டிக்கும் நம் செருப்போடு ஒட்டிக்கொண்டு நோய் வந்து சேரலாம்.

அவ்வாறாயின் முதலூசி ஏன் காக்கவில்லை? பிறந்தவுடன் குடிக்கும் கடும்புப் பாலின் வழியே தாயின் நோயெதிர்ப்புப் பொருள்கள் குட்டியை அடைகின்றன. முதற் சில வாரங்கள் அவையே அதற்குக் காவல். ஆனால் அக்காவலே தடுப்பூசிக்குத் தடையுமாகின்றது. ஊசியில் உள்ளது வலுவிழக்கச் செய்யப்பட்ட கிருமி. தாய் தந்த காவல் அதனையும் பகையென்று கருதி அழித்துவிடுவதால், குட்டியின் உடல் தானாக எதிர்த்து நிற்கக் கற்றுக்கொள்வதில்லை.

தாயின் காவல் பெரும்பாலும் ஆறாம் வாரத்திற்கும் பதினாறாம் வாரத்திற்கும் இடையே தேய்ந்து மறைகின்றது. ஒரே ஈற்றுக் குட்டிகளிடையேகூட அது மறையும் நாள் வேறுபடும். நோயைத் தடுக்கப் போதாததாயும், ஊசியைக் கெடுக்கப் போதியதாயும் அக்காவல் நிற்கும் நாட்களும் உண்டு. அவையே பேராபத்தான நாட்கள். அவை எவையென்று குட்டியைப் பார்த்து எவராலும் கூறமுடியாது.

எனவேதான் ஆறு முதல் எட்டு வாரத்திற்குள் முதலூசியைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறையாக, பதினாறு வாரம் நிறையும் வரை தொடர்ந்து போடுகின்றனர். பின்னர் ஆறு மாதம் முதல் ஒரு வயதிற்குள் மீண்டும் ஒன்று போடவேண்டும். தாயின் காவல் விலகிய வேளையில் ஓர் ஊசியேனும் உடலிற் சேரவேண்டும் என்பதே இம்முறையின் நோக்கம். கண்ணிலும் மூக்கிலும் நீர்வடியச் செய்து, ஈற்றில் வலிப்பையும் வருவிக்கும் டிஸ்டெம்பர் நோய்க்கான மருந்தும் பெரும்பாலும் இதே ஊசியில் அடங்கியிருக்கும்.

விசர்நோய்க்குரிய ஊசி வேறு. அது குட்டியை மட்டுமன்றி வீட்டாரையுங் காக்கின்றது. விசர்நோயின் குறிகள் தோன்றியபின் மனிதரைப் பிழைக்க வைப்பது ஏறக்குறைய இயலாத காரியம். இலங்கையில் சுகாதாரப் பகுதியினர் நாய்களுக்கு இவ்வூசியை இலவசமாகவே போடுகின்றனர். ஆதலால் இதனைத் தவறவிடுவதற்கு நியாயமில்லை.

ஊசிகள் முடியும்வரை குட்டியை வீதியிலும் அறியாத நாய்களிடத்தும் விடாதிருத்தல் வேண்டும். பார்வோ கண்ட வீட்டிலே சவர்க்காரத்தினால் மட்டும் தரையைக் கழுவுதல் போதாது. அழுக்கை நீக்கியபின் குளோரீன் கலந்த நீரால் கழுவவேண்டும். புதிய குட்டியொன்றை அங்கு கொண்டுவர எண்ணுவோர், அதற்குரிய ஊசிகள் யாவும் முடிந்தனவா என்று முதலிற் கேட்டறிதல் நன்று.

மாணவச் செல்வங்களே, உங்கள் வீட்டுக் குட்டியின் அடுத்த ஊசித் திகதியைச் சுவர்க் கலண்டரிலே நீங்களே குறித்து வையுங்கள். பெரியவர்கள் மறந்தால் நினைவூட்டுங்கள். எங்கள் அலுமாரியிற் கிடந்த அட்டையில் இரண்டாவது ஊசிக்குரிய இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றது.