முன்னாள் ராணுவத்தினர் சந்திப்பில் குரூப் போட்டோ: எல்லோருக்கும் நாற்காலி போட்டால் என்ன?

தாத்தா இறந்த அன்று காலை ஆறரை மணிக்கு பேனர் கடைக்காரர் போன் செய்தார். "நல்ல போட்டோ ஒண்ணு அனுப்புங்கம்மா, பத்து மணிக்குள்ள கட்டணும்."

நல்ல போட்டோ என்றதும் வீட்டில் எல்லோருக்கும் நினைவுக்கு வந்தது ஒன்றுதான். 2022-ல் அவருடைய பழைய யூனிட்காரர்கள் வேலூர் பக்கம் ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினார்கள். தாத்தா கோட் தைத்துக்கொண்டு போனார். 1971 போருக்காகக் கொடுத்த பச்சிமி ஸ்டாரை பிராஸோ போட்டுத் துடைத்துக் குத்திக்கொண்டு போனார். அந்தக் கோட்டில் அவரை எடுத்த ஒரே படம் அன்றைக்கு எடுத்த குரூப் போட்டோ.

போனில் பெரிதாக்கிப் பார்த்தேன். மூன்றாவது வரிசை. சிறப்பு விருந்தினரோடு வந்தவர்களில் ஒருவர் கடைசி நொடியில் உள்ளே நுழைந்து நின்றிருக்கிறார். அவருடைய தோளுக்குப் பின்னால் தாத்தாவின் பாதி முகம். பதக்கம் தெரியவே இல்லை. அவர் தோள்மேல் யாரோ ஒருவரின் கை மட்டும் தெரிகிறது. கடைசியில் பென்ஷன் வேலைக்காக எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம்தான் பேனருக்குப் போனது. முறைப்பாக, யாரையோ கோபித்துக்கொண்ட மாதிரி இருப்பார் அதில்.

இதைச் சொந்தக் கதையாக மட்டும் எழுதவில்லை. 1971-ல் 20 வயது சிப்பாயாக இருந்தவருக்கு இப்போது எழுபதுகளின் நடுப்பகுதி. 1962-ல் எல்லையில் நின்றவர் எண்பதைத் தாண்டிவிட்டார். பள்ளி நண்பர்கள் சந்திப்பு என்றால் இந்த வருஷம் வராதவர் அடுத்த வருஷம் வருவார். இவர்களுடைய கூட்டத்தில் அந்தக் கணக்கு செல்லாது. எடுக்கிற ஒவ்வொரு குரூப் போட்டோவும் யாரோ ஒருவருக்குக் கடைசிப் படம். அதைத் தெரிந்துதான் எடுக்க வேண்டும் என்பது என் வாதம்.

எங்கே கூடுகிறார்கள்?

1758-ல் தொடங்கியதாகக் கணக்கு வைக்கும் மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் மையம் நீலகிரி மாவட்டம் வெலிங்டனில் இருக்கிறது. 1780 கணக்கு வைத்திருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸின் வீடு பெங்களூரு. அங்கே நடக்கிற பெரிய சந்திப்புகளில் படி படியான பெஞ்ச், இடம் காட்டுகிற ஆள் என்று ராணுவ ஒழுங்கு இருக்கும். நான் பேசுவது அதைப் பற்றி இல்லை. 'ராணுவப்பேட்டை' என்று பெயரெடுத்த கம்மவான்பேட்டை மாதிரி ஊர்கள் இருக்கிற வேலூர், திருவண்ணாமலை பக்கத்திலும், மதுரை, தேனி பக்கத்திலும் வாட்ஸ்அப் குரூப் வழியாகக் காசு சேர்த்து மண்டபம் பிடித்து நடத்துகிறார்களே, அந்தக் கூட்டங்களைப் பற்றி.

முன்னாள் படைவீரர் தினம் ஜனவரி 14. ஃபீல்டு மார்ஷல் கரியப்பா 1953-ல் ஓய்வு பெற்ற நாள் அது. 2016 முதல் அனுசரிக்கிறார்கள். நமக்கு அது போகி, பொங்கல் நேரம். ஊர்ப்பக்கம் அன்றைக்கு யார் மண்டபத்துக்கு வருவார்கள்? அதனால் யூனிட் தொடங்கிய நாளை ஒட்டியோ, ஏதாவது ஒரு ஞாயிற்றுக்கிழமையோ வைத்துக்கொள்கிறார்கள். சாப்பாடு, மேடை, மைக், பொன்னாடை எல்லாவற்றுக்கும் பட்ஜெட் இருக்கும். போட்டோவுக்கு மட்டும் "நம்ம கல்யாணத்துக்கு எடுத்த பையன் வருவான், பாத்துக்கலாம்".

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. கல்யாணத்தில் அவர் கெட்டிக்காரர்தான். ஆனால் மேடையில் பத்துப் பேரை நிற்க வைப்பது ஒரு வேலை. எழுபது, எண்பது வயசுக்காரர்கள் எண்பது பேரை ஒரே சட்டத்துக்குள் முகம் தெரிய அடக்குவது வேறு வேலை.

யார் உட்காருவது?

பணியில் இருக்கும்போது எடுக்கிற யூனிட் போட்டோவில் இதற்கு ஒரு முறை உண்டு. நடுவில் கமாண்டிங் ஆபீசர். இரண்டு பக்கமும் பதவிப்படி அதிகாரிகள், சுபேதார் மேஜர், மற்ற ஜேசிஓக்கள். நாயக், சிப்பாய் எல்லாம் பின்னால் நிற்பார்கள். அங்கே அது சரி. எல்லோருக்கும் இருபது, முப்பது வயசு.

அதே முறையை நாற்பது வருஷம் கழித்து மண்டபத்துக்குக் கொண்டுவரும்போதுதான் தப்பாகிறது. முட்டி தேய்ந்த ஹவில்தார் நிற்கிறார். வாழ்க்கையில் ஒருநாளும் பட்டாளம் பார்க்காத விருந்தினர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

ஒரு ஓய்வுபெற்ற சுபேதாரிடம் இதைக் கேட்டேன். "வரிசை இல்லேன்னா அது பட்டாளமே இல்லம்மா. எங்க சாப் பக்கத்துல ஒரு சிப்பாய உக்கார வெச்சுப் பாருங்க, அவனே எழுந்து போயிடுவான்" என்றார். அவர் சொல்வது பொய் இல்லை. தாத்தாவையும் அன்றைக்கு யாரும் பின்னால் தள்ளவில்லை. அவராகவேதான் போனார். "சாப் முன்னாடி நான் உக்காருவனா?" என்று வீட்டுக்கு வந்து ஆயாவிடம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இதனால்தான் ஏற்பாட்டாளர் முன்கூட்டியே முடிவெடுக்க வேண்டும் என்கிறேன். நாற்காலி கேட்டு வாங்குகிற பழக்கம் இவர்களுக்கு இல்லை. மரியாதை அவர்களைப் பின்னால் அனுப்பிவிடும். 'முடியாதவங்க உக்காரலாம்' என்று மைக்கில் சொன்னால் ஒருத்தரும் உட்கார மாட்டார். முடியாது என்று ஒப்புக்கொள்ளவா அவ்வளவு தூரம் கோட் போட்டுக்கொண்டு வந்தார்? எல்லோருக்கும் நாற்காலி போட்டுவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

எண்பது பேருக்கும் நாற்காலி போட்டால் பின்வரிசை முகம் எப்படித் தெரியும்? கேமரா மேலே ஏற வேண்டும். வழக்கமாக நாம் செய்வது தலைகீழ். கேமராவைத் தரையில் வைத்துவிட்டு, எண்பது வயசுக்காரரை பெஞ்ச் மேல் ஏறச் சொல்கிறோம். கல்யாண மண்டபத்தில் மாடி வராந்தா இருக்கிறது, மொட்டை மாடி இருக்கிறது, பந்தல்காரரிடம் ஏணி இருக்கிறது. மேலிருந்து சாய்வாக எடுத்தால் நான்கு வரிசை நாற்காலியும் முகத்தோடு விழும். 1947-ல் அமெரிக்காவின் டெக்சாஸில் ஈ.ஓ.கோல்ட்பெக் என்ற போட்டோகிராபர் 21,765 விமானப்படையினரை ஒரே படத்தில் எடுத்தார். அதற்காக உயரமான கோபுரம் ஒன்றைக் கட்டி அதன்மேல் ஏறிக்கொண்டார். நமக்கு மொட்டை மாடி போதும்.

விருந்தினர் விஷயம் இன்னும் சுலபம். அவரோடு முதலில் ஒரு படம், இரண்டு நிமிஷம். கைதட்டி அனுப்பிவிட்டு அப்புறம் யூனிட் படம். அதில் யூனிட்காரர்களும், இறந்தவர்களின் மனைவிகளும் மட்டும். அந்தம்மாக்களைப் பொன்னாடை போர்த்த மேடைக்குக் கூப்பிடுகிறோம், குரூப் போட்டோவுக்குக் கூப்பிடுவதில்லை. ஏன் என்று எனக்கு இதுவரை புரியவில்லை.

போட்டோகிராபரிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும்?

முதலில் நேரம். பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முன்னால், உச்சி வெயிலில் எடுக்கிறார்கள். பாதிப் பேருக்கு சர்க்கரை. மாத்திரை போட்டுவிட்டு இலைக்காகக் காத்திருப்பவரை வெயிலில் நிறுத்தி 'சிரிங்க' என்றால் எப்படிச் சிரிப்பார்? தலைமேல் வெயில் இருந்தால் தொப்பி நிழல் கண்ணை மறைத்துவிடும். காலையில் கொடி ஏற்றி, இறந்தவர்களுக்கு மலர்வளையம் வைத்து முடித்த கையோடு, நிழலான இடத்தில் எடுத்துவிடலாம்.

அடுத்தது லென்ஸ். எல்லோரும் அடங்க வேண்டும் என்று மிக அகலமான லென்ஸ் போட்டால் ஓரத்தில் இருப்பவர்களின் முகம் இழுபட்டு அகலமாகிவிடும். இடம் இருந்தால் பின்னால் தள்ளிப் போய் எடுப்பதே நல்லது. நாற்காலிகளை நேர்கோட்டில் போடாமல், இரண்டு ஓரமும் கொஞ்சம் முன்னால் வருகிற மாதிரி பிறை வடிவில் போட்டால் ஓரத்து முகங்களும் தெளிவாக இருக்கும்.

கண் மூடுகிற பிரச்சினைக்கு ஒரு ஆராய்ச்சியே உண்டு. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நிக் ஸ்வென்சன், பியர்ஸ் பார்ன்ஸ் இருவரும், யாருமே கண் மூடாத குரூப் போட்டோ வேண்டும் என்றால் எத்தனை தடவை எடுக்க வேண்டும் என்று கணக்குப் போட்டார்கள். அதற்கு 2006-ல் இக் நோபல் பரிசும் வாங்கினார்கள். இருபது பேருக்குக் குறைவாக இருந்தால், நல்ல வெளிச்சத்தில் ஆட்களின் எண்ணிக்கையை மூன்றால் வகுத்து அத்தனை தடவை எடுத்தால் போதும். ஐம்பது பேரைத் தாண்டினால் நம்பிக்கையை விட்டுவிட வேண்டியதுதான். எண்பது பேர் படத்துக்கு இருபது, முப்பது பிரேம் எடுத்து வைத்துக்கொண்டு, கண் மூடியவரின் முகத்தை அடுத்த பிரேமிலிருந்து எடுத்து ஒட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. அவர் அங்கேதானே இருந்தார்.

இன்னொன்று. பீரங்கிப் பக்கத்தில் வேலை பார்த்தவர்களில் பலருக்குக் காது மந்தம். 'ஸ்மைல் ப்ளீஸ்' பின்வரிசைக்கு எட்டாது. ஒரு சந்திப்பில் நான் பார்த்த வித்தை இது: போட்டோகிராபர் கத்தி ஓய்ந்ததும் பழைய சுபேதார் மேஜர் ஒருவர் எழுந்து 'சாவ்தான்' என்று ஒரு குரல் கொடுத்தார். எண்பது முதுகும் நிமிர்ந்தன, முகமெல்லாம் இறுகிவிட்டது. ஐந்து நொடி விட்டு 'விஷ்ராம்' என்றார். எல்லோரும் மூச்சை விட்டுச் சிரித்தார்கள். அந்த நொடியில் எடுத்ததுதான் அன்றைய நல்ல படம்.

செல்ஃபி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: பதக்கம் குத்துவது இடது மார்பில். சில போன்களின் முன்பக்க கேமரா படத்தைக் கண்ணாடி போலத் திருப்பிச் சேமிக்கும். பதக்கம் வலது பக்கம் போய்விடும். செட்டிங்கில் அதை அணைத்துவிட்டு எடுங்கள். அவர்கள் கண்ணுக்கு அது உடனே தெரியும்.

இல்லாதவரைச் சேர்க்கலாமா?

இப்போது புதிதாக ஒரு ஆசை கிளம்பியிருக்கிறது. போன மாதம் இறந்த நண்பரையும் ஏஐ வைத்து வரிசையில் நிற்க வைத்துக் கொடுங்கள் என்று கேட்கிறார்கள். கேட்பவரைக் குறை சொல்ல மாட்டேன். நம் ஊர் ஸ்டூடியோக்களில் இறந்துபோன அப்பாவைக் கல்யாணப் படத்தில் சேர்த்து ஒட்டிக் கொடுத்த காலம் ஒன்று உண்டு. வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு அது சரி.

யூனிட் படத்துக்கு வேண்டாம். அன்றைக்கு யார் வந்தார்கள் என்பதற்கு அந்தப் படம்தான் சாட்சி. ஒருவரைச் சேர்த்துவிட்டால், ஐம்பது வருஷம் கழித்துப் பார்க்கிற பேத்திக்கு மற்ற எழுபத்தொன்பது பேர்மேலும் சந்தேகம் வரும். 1942-ல் டோக்கியோமேல் குண்டு போட்ட அமெரிக்காவின் டூலிட்டில் படையினர் எண்பது பேர். எண்பது வெள்ளிக் கோப்பைகள் வைத்திருந்தார்கள். ஒருவர் இறந்தால் அவருடைய கோப்பையைக் கவிழ்த்து வைப்பார்கள். 2019-ல் கடைசி ஆளான ரிச்சர்ட் கோல் 103 வயதில் இறக்கும்வரை அந்த வழக்கம் நீடித்தது. இல்லாததை இல்லை என்றே காட்டினார்கள். நாமும் ஒரு நாற்காலியைக் காலியாக விட்டு, அதில் அவருடைய தொப்பியை வைக்கலாம்.

பெயர் எங்கே?

எனக்கு மிகப் பெரிய குறை இதுதான். பழைய யூனிட் போட்டோக்களைப் பாருங்கள். தடித்த அட்டையில் ஒட்டி, கீழே 'அமர்ந்திருப்பவர்கள்: இடமிருந்து வலம்' என்று ஒவ்வொருவர் பெயரும் அச்சாகியிருக்கும். இன்றைக்கு ட்ரோனுக்குத் தனியாகக் காசு கொடுக்கிறோம். எண்பது பெயரை எழுதிவைக்க ஒரு நோட்டு இல்லை.

செலவே இல்லாத வேலை இது. படம் எடுத்து முடித்ததும் யாரையும் எழுந்திருக்க விடாமல், போனில் வீடியோவைப் போட்டு வரிசையாக நடந்து போனால் போதும். ஒவ்வொருவரும் பெயர், ஊர், எந்த கம்பெனி என்று சொல்லட்டும். பத்து நிமிஷம். யாராவது ஒரு காலேஜ் பேரனிடம் கொடுத்தால் அன்றைக்கே டைப் செய்துவிடுவான். படத்தை வாட்ஸ்அப்பில் சும்மா அனுப்பினால் தரம் குறையும், தேதி விவரமும் போய்விடும். டாக்குமென்ட்டாக அனுப்புங்கள். ஆளுக்கொரு பிரிண்ட் போட்டு, பின்பக்கம் பென்சிலால் பெயர்களை எழுதுங்கள். ஒரு பிரதி ரெஜிமென்ட் மையத்துக்கும் போகட்டும். சர்வீஸ் நம்பரை மட்டும் ஃபேஸ்புக்கில் போட வேண்டாம். பென்ஷன்காரர்களைக் குறிவைத்து வரும் மோசடி போன்கள் போதாதா?

தாத்தாவின் படத்தில் தோள்மேல் கிடக்கிற அந்தக் கை யாருடையது என்று ஆயாவிடம் கேட்டேன். "அவர்தான், பனியில மாட்டிக்கிட்டப்ப தாத்தாவத் தூக்கிட்டு வந்தவரு. நம்ம வீட்டுக்கு வந்து சாப்பிட்டிருக்காரு. பேருதான் வர மாட்டேங்குது" என்றாள். போன வாரம் அவர்களுடைய வாட்ஸ்அப் குரூப்பில் படத்தைப் போட்டு, அந்தக் கையை வட்டமிட்டுக் கேட்டேன். மூன்று பேர் பதில் போட்டிருக்கிறார்கள். மூன்றும் வேறு வேறு பெயர்.