படத்தில் இருப்பவளின் வழக்கு

1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர சபை இரண்டு தினங்கள் நடத்திய பகிரங்க விசாரணையில், அதுகாறும் நீதிபதிகளும் பாதிரிமாரும் போலீஸ் அதிகாரிகளுமே பேசி வந்த ஆபாசப் படங்களின் விஷயத்தை, அவற்றால் இம்சைக்கு உள்ளான ஸ்திரீகள் தாமே எழுந்து நின்று பேசினார்கள். அவர்களில் ஒருவர் லிண்டா லவ்லேஸ் என்ற பெயரால் உலகம் அறிந்த நடிகை. 1972-இல் வெளிவந்து பெரும் பணம் ஈட்டிய ஒரு படத்தில் சிரித்த முகத்தோடு தோன்றிய அவர், தம்மைக் கணவன் அடித்தும் துப்பாக்கி காட்டி அச்சுறுத்தியும் அத்தொழிலில் ஈடுபடுத்தினான் என்று சபையினர் முன் சாட்சியம் கூறினார். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எண்ணிய ரசிகர்களில் எவருக்கும் அதன் பின்னால் இருந்த அச்சம் தெரிந்திருக்க ஏதுவில்லை. தெரிந்துகொள்ள வேண்டியது தம் கடமை என்று அவர்களுக்குச் சொல்லும் சட்டமும் அந்நாளில் இல்லை.

அவ்விசாரணைக்கு மூலகாரணமாக இருந்தது ஆண்ட்ரியா ட்வார்கின் என்ற எழுத்தாளரும் காதரின் மக்கின்னன் என்ற சட்ட அறிஞரும் சேர்ந்து வரைந்த நகரச் சட்ட மசோதா. பார்ப்பவனுடைய காம உணர்ச்சி தூண்டப்படுகிறதா, சமூகத்தின் ரசனைக்கு அது விரோதமானதா என்றே பழைய சட்டம் கேட்டு வந்தது. படம் ஒரு ஸ்திரீக்கு என்ன தீங்கு இழைத்தது என்று கேட்டதுதான் இவ்விருவரும் செய்த புரட்சி. போலீஸாருக்கு எவ்விதப் புது அதிகாரமும் வழங்காமல், பாதிக்கப்பட்டவளே சிவில் நீதிமன்றத்தில் நஷ்டஈடு கோரும்படி நான்கு வழிகளை அவர்கள் வகுத்தார்கள்: பலவந்தமாக நடிக்க வைக்கப்பட்டவளும், விருப்பமின்றி அப்படங்களைப் பார்க்க நிர்ப்பந்திக்கப்பட்டவளும், குறிப்பிட்ட ஒரு படத்தின் தூண்டுதலால் தாக்கப்பட்டவளும் வழக்குத் தொடரலாம், அவற்றோடு, பெண்ணை இழிநிலைக்குத் தாழ்த்தும் படங்களை விற்பவன்மீது பெண்குலத்தின் சார்பில் எந்தப் பெண்ணும் வழக்குத் தொடரலாம்.

இந்த நான்காவது வழியே பெண் விடுதலை இயக்கத்தை இரண்டாகப் பிளந்தது. நகர சபை இரு முறை நிறைவேற்றிய சட்டத்தை மேயர் இரு முறையும் நிராகரித்தார். பழமைவாதிகளின் ஆதரவோடு இண்டியானாபொலிஸ் நகரம் அதைச் சுவீகரித்தபோது, எதிர்த்து நீதிமன்றத்துக்கு மனு எழுதியவர்களில் பெட்டி ஃப்ரீடன், கேட் மில்லட், ஏட்ரியன் ரிச் போன்ற பெண்ணியவாதிகளும் கையொப்பமிட்டிருந்தார்கள். தம் சரீரத்தைப் பற்றியும் இச்சையைப் பற்றியும் பேசும் சுதந்திரத்தைப் பெண்கள் அப்போதுதான் பெற்றிருந்தார்கள். எது இழிவு, எது இன்பம் என்று தீர்மானிக்கும் அதிகாரத்தை நீதிபதிகளிடம் ஒப்படைத்தால், அந்த ஆயுதம் முதலில் தம்மீதே திரும்பும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அந்த அச்சம் வீண் அச்சமன்று என்பதை அண்டை நாடான கனடா நிரூபித்தது. 1992-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ஆபாசச் சட்டத்தைப் பெண்களுக்கு நேரும் தீங்கை அளவுகோலாகக் கொண்டு வியாக்கியானம் செய்ததைப் பெண்ணியவாதிகளில் பலர் வெற்றியாகக் கொண்டாடினார்கள். அத்தீர்ப்பு வந்த சில வாரங்களுக்குள் டொரோண்டோ போலீஸார் புகுந்த இடமோ ஓரினச் சேர்க்கையாளர்களுக்கான ஒரு சிறிய புத்தகக் கடை. கைப்பற்றியது பெண்களே பெண்களுக்காக நடத்தி வந்த ஒரு பத்திரிகை.

எனினும் எதிர்த்தவர்களின் வெற்றியை முழு வெற்றி என்று கொண்டாட என் மனம் இடம் கொடுக்கவில்லை. 1985-இல் இண்டியானாபொலிஸ் சட்டத்தைச் செல்லாததாக்கிய மேல்முறையீட்டு நீதிபதி ஃப்ராங்க் ஈஸ்டர்புரூக், இத்தகைய சித்திரங்கள் பெண்ணின் தாழ்நிலையை நிலைநிறுத்துகின்றன என்ற வாதத்தை ஏற்றுக்கொண்டே, பேச்சின் வலிமைக்கு அதுவே சான்று, ஆகவே பேச்சுரிமை அதைக் காக்கும் என்று தீர்த்தார். பலவந்தமாக நடிக்க வைத்தலைப் பற்றிய பகுதியில் அரசியல் சாசனத்துக்கு உகந்த அம்சங்கள் இருக்கக்கூடும் என்றும் அவர் குறிப்பிட்டார். ஆனால் சட்டம் முழுவதையும் தாங்கிய, ஆபாசம் எது என்ற இலக்கணமே பழுதுற்றது என்று கண்டதால் அதைத் தனியே பிரித்துக் காப்பாற்ற இயலவில்லை. அடுத்த ஆண்டு உச்ச நீதிமன்றமும் வாதம் கேளாமலே அத்தீர்ப்பை ஊர்ஜிதம் செய்தது. விற்பனையைப் பற்றிய மகத்தான சர்ச்சையில், துப்பாக்கி முனையில் நடித்ததாகச் சொன்னவளின் கோரிக்கையும் சேர்ந்து மூழ்கிப்போயிற்று. அவளுக்குப் பரிகாரம் வேண்டாம் என்று இரு தரப்பிலும் ஒருவரும் சொல்லவில்லை. ஆயினும் அவளுக்கான பரிகாரம் அந்தச் சர்ச்சையிலிருந்து பிரிந்து தனித்து நிற்கவில்லை.

ஆபாசப் படம் பார்ப்பவனின் நடத்தை எவ்வளவு தூரம் கெடுகிறது என்ற ஆராய்ச்சி முடிவுறாமல் நடந்துகொண்டே இருக்கலாம். அது முடியும்வரை காத்திராமலே நியாயம் வழங்க முடியும் என்பதற்கு, 2020 ஜனவரியில் கலிபோர்னியாவின் சான் டியேகோவில் வெளியான தீர்ப்பு சாட்சி. விளம்பரம் கண்டு வந்த இளம் பெண்களிடம், படம் இணையத்தில் வராது, வெளிநாடுகளில் மட்டுமே விற்கப்படும் என்று பொய் சொல்லிப் படமெடுத்து, பின்னர் உலகறிய வெளியிட்ட ஒரு நிறுவனத்துக்கு எதிராக 22 பெண்கள் தொடுத்த சிவில் வழக்கு அது. ஒன்றேகால் கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடும், அப்படங்களின் உரிமையும் அவர்களுக்குக் கிடைத்தன. அப்படங்கள் ஆபாசமா, கலையா என்று அங்கே எவரும் தர்க்கம் செய்ய நேரவில்லை. வஞ்சனையால் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்பதே போதுமானதாயிற்று. சம்மதமின்றி வெளியான அந்தரங்கப் படங்களையும், கணினியால் புனையப்பட்ட போலிப் படங்களையும், புகார் வந்த 48 மணி நேரத்துக்குள் தளங்கள் நீக்க வேண்டும் என்று 2025-இல் அமெரிக்கா இயற்றிய சட்டமும் இதே மார்க்கத்தில் செல்வதே.

ஆனால் இவையெல்லாம் தீங்கு நிகழ்ந்த பிறகு வரும் பரிகாரங்கள். படம் ஊரெங்கும் பரவியபின் ஒரு பெண் ஓடி ஓடி நிரூபிக்க வேண்டிய சுமையை, படத்தால் லாபம் பெறுகிறவன் தலையில் முன்கூட்டியே ஏற்றுவதுதான் முறை. நடிப்பவர் வயது வந்தவர் என்பதற்கான அத்தாட்சியைத் தயாரிப்பாளர் வாங்கி வைத்திருக்க வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டிலேயே அமெரிக்கா சட்டம் செய்திருக்கிறது. அவர் அச்சமின்றி, உண்மை அறிந்து சம்மதித்தார் என்பதற்கும் அதே போன்ற அத்தாட்சியைக் கேட்பதற்கு, படங்களை வெறுப்பவரும் ஆதரிப்பவரும் ஒருங்கே கையொப்பமிடலாம்.