ரெண்டு சாவியும் ஒரே வளையத்தில்

டிஸ்கி: நான் படித்தது பி.காம். நெட்வொர்க் இன்ஜினியர்கள் அடிக்க வருவதற்கு முன் பதிவை முழுசாகப் படித்துவிடவும் :-)

நாக்பூரில் எங்கள் கிளை. மாத முதல் வாரம், பென்ஷன் கூட்டம். பதினொன்றரைக்கு எல்லா கவுண்டரிலும் திரை அப்படியே நின்றுபோனது. வழக்கம்போல 'லிங்க் நஹி ஹை' அட்டையை மாட்டினோம். ஊரில் என் அப்பாவும் 'லிங்க் இல்லை' என்ற பதிலோடு வெயிலில் வீடு திரும்பியவர்தான். அதனால் அந்த அட்டையை எடுக்கும்போதெல்லாம் எனக்குக் கை கூசும்.

இத்தனைக்கும் மூன்று மாதம் முன்புதான் ஒரு கம்பெனிக்காரர் வந்து, சர்வர் அறை ஸ்விட்ச்சுக்கும் ஹால் ஸ்விட்ச்சுக்கும் நடுவே ரெண்டு கேபிள் போட்டு, ரெண்டு போர்ட்டையும் ஒன்றாகக் கட்டினார். "இனி ஸ்பீடு டபுள் சார், லிங்க் விழவே விழாது" என்றார். நம்பிக் கையெழுத்துப் போட்ட புத்திசாலி அடியேன்தான்.

எப்படி விழுந்தது? ஹால் ஸ்விட்ச்சின் பவர் சப்ளை போய்விட்டது. ரெண்டு கேபிளும் அதே ஸ்விட்ச்சுக்குத்தான் போகின்றன. பத்து கேபிள் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

தொழில்நுட்பத்தை நான் திட்டவில்லை. லிங்க் அக்ரிகேஷன் என்ற இந்த ஏற்பாடு நல்ல சரக்கு. 1994-ல் சிஸ்கோ வாங்கிய கல்பனா என்ற கம்பெனியில் பிறந்து, 2000-ல் ஐ.இ.இ.இ. 802.3ஏடி என்று பொதுத் தரமானது. சும்மா ரெண்டு கேபிள் போட்டால், சுற்றிச் சுற்றி ஓடாமல் இருக்க ஒன்றை ஸ்விட்ச் அடைத்து வைக்கும். கட்டிப் போட்டால் ரெண்டும் வேலை செய்யும். ஒன்று அறுந்தால் மற்றது தாங்கும். என் சண்டை, அதை விற்கும் வாயோடுதான்.

முதல் பொய், 'ஸ்பீடு டபுள்'. எந்த கேபிளில் அனுப்புவது என்பதை, அனுப்புபவர் பெறுபவர் முகவரிகளைப் பார்த்து ஸ்விட்ச் தீர்மானிக்கிறது. தகவல் வரிசை குலையாமல் இருக்க, ஒரு உரையாடல் முழுக்க ஒரே கேபிளில்தான் போகும். ரெண்டு கேஷ் கவுண்டர் திறந்தால் க்யூ குறையும். ஆனால் மூட்டை நிறையப் பணம் கொண்டுவந்தவருக்கு ஒரு கவுண்டரில்தானே எண்ணுவார்கள்? அவருக்கு ஒரு நிமிஷம்கூட மிச்சமில்லை. மேலும், கிளைக்கு வெளியே டேட்டா சென்டருக்குப் போகும் லைன் மெலிசு. வாசலில் ஒற்றையடிப் பாதையை வைத்துக்கொண்டு, நடுக்கூடத்தில் நாலு வழிச் சாலை எதற்கு?

ரெண்டாவது பொய், 'விழவே விழாது'. இதை நம்பியதற்கு வங்கிக்காரர்களான நாம்தான் வெட்கப்பட வேண்டும். பெட்டகத்துக்கு ரெண்டு சாவி, ரெண்டு அதிகாரிகளிடம். டூப்ளிகேட் சாவி வேறு கிளையில். ரெண்டு சாவியையும் ஒரே வளையத்தில் மாட்டி ஒருத்தர் இடுப்பில் செருகினால் இன்ஸ்பெக்ஷனில் தோலை உரிப்பார்கள். ரெண்டு கேபிளையும் ஒரே ஸ்விட்ச்சில் செருகிவிட்டு ஆடிட் படிவத்தில் 'மாற்று ஏற்பாடு: உண்டு' என்று டிக் அடித்தால் மட்டும் யாரும் கேட்பதில்லை!

தீர்வு ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. ஹாலில் ரெண்டு சின்ன ஸ்விட்ச், ஒவ்வொன்றுக்கும் தனி பவர் லைன், கவுண்டர்களில் பாதி இதில், பாதி அதில். அன்றைக்குப் பாதி கவுண்டராவது ஓடியிருக்கும். போர்ட்களைக் கட்டினால் எல்.ஏ.சி.பி. போடச் சொல்லுங்கள். ரெண்டு முனையும் பேசி ஒத்துக்கொண்ட பிறகே கேபிள் கட்டில் சேரும். ஒரு முனையில் மட்டும் கட்டிவிட்டுப் போகும் கூத்து பிடிபட்டுவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, கையெழுத்துக்கு முன் அவர் கண்ணெதிரிலேயே ஒரு கேபிளை உருவுங்கள். பிறகு ஒரு ஸ்விட்ச்சை அணையுங்கள். எது நிற்கிறது, எது ஓடுகிறது என்று பாருங்கள். முகம் வெளுத்தால் பில்லை நிறுத்துங்கள். ஆபீஸோ அபார்ட்மெண்ட் அசோசியேஷனோ, எங்கே இருந்தாலும் சரி.

அன்றைக்கு ஒரு மராட்டிப் பெரியவர் கோபிக்கவே இல்லை. "உத்யா யேத்தோ" என்று சொல்லிவிட்டுப் போனார். நாளைக்கு வருகிறாராம். திட்டியிருந்தால் தேவலை.